இருக்கையிலிருந்து தொடங்குங்கள்: வீட்டுத் திரையரங்கில் சரவுண்ட் ஸ்பீக்கர்களை அமைக்கும் முறை

ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பெரும்பாலானோர் முதலில் டிவியை மாட்டுகிறார்கள். பிறகு எங்கெங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கெல்லாம் ஸ்பீக்கர்களை வைக்கிறார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் கடைசியாக சோஃபாவைப் போடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. ஒரு படத்தின் ஒலியைக் கலவை செய்யும் பொறியாளர், தம்மைச் சுற்றி ஸ்பீக்கர்கள் வட்டமாக நிற்க, அந்த வட்டத்தின் மையத்தில் அமர்ந்துதான் எந்த ஓசை எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்று முடிவு செய்கிறார். அவர் கேட்டது நமக்கும் கேட்க வேண்டுமானால், நம் காதுகள் அந்த மையத்தில் இருந்தாக வேண்டும். எனவே முதலில் முடிவாக வேண்டியது காது இருக்கப்போகும் இடம். மற்ற எல்லாத் தூரங்களையும் கோணங்களையும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். நடுத்தர விலையுள்ள ஸ்பீக்கர்கள் சரியான கோணத்திலும் உயரத்திலும் நின்றால், கிடைத்த இடத்தில் வைக்கப்பட்ட உயர்ரக ஸ்பீக்கர்களைவிட நன்றாக ஒலிக்கும் என்பதைப் பல அறைகளில் கேட்டு உணர்ந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களின் பொருளை முதலில் தெரிந்துகொள்வோம். 5.1 என்பதில் உள்ள 5, முன்னால் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர்களையும், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி நிற்கும் இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர்களையும் குறிக்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 1, 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் சுமக்கும் எல்எஃப்இ என்ற தனித்தடம். சப்வூஃபர் அதை ஒலிக்கிறது. 7.1 அமைப்பில் கேட்பவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்கின்றன. 5.1.2, 7.1.4 என்று மூன்றாவதாக ஓர் எண் இருந்தால், அது டால்பி அட்மாஸ் போன்ற முறைகளுக்காகத் தலைக்கு மேலே வைக்கப்படும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. எண் பெரிதாக இருந்தால் ஒலியும் மேம்படும் என்று நினைத்துவிடக் கூடாது. சோஃபாவுக்குப் பின்னால் ஒரு மீட்டர்கூட இடமில்லாத அறையில் 7.1 அமைத்தால், பின்புற ஸ்பீக்கர்கள் பிடரியை ஒட்டி நின்று, சூழலொலியாகப் பரவ வேண்டியது காதோரக் கூச்சலாக மாறிவிடும். அப்படிப்பட்ட அறைக்கு முறையாக வைத்த 5.1 போதும்.

காது இருக்கும் இடம்

எந்த மூடிய அறையிலும் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலியலைகள் நிலையலைகளாக நின்றுவிடுகின்றன. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஆகவே 5 மீட்டர் நீளமுள்ள அறையில் முதல் நிலையலை 34 ஹெர்ட்ஸ் அளவில் உருவாகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் அதன் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் அது ஏறக்குறைய இல்லாமலே போகும். பின்சுவரில் தலை சாய்த்து உட்காருபவருக்கு பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி வீங்கியும் மழுங்கியும் கேட்பதும், அதே அறையின் நடுவில் உட்காருபவருக்கு வெடிச்சத்தம்கூடச் சப்பென்று கேட்பதும் இதனால்தான். ஸ்பீக்கரை மாற்றினால் இந்தக் குறை தீராது. நாற்காலியை நகர்த்தினால் தீரும்.

அறையின் நீளத்தில் 38 சதவீதத் தொலைவில் உட்காருவது நல்ல தொடக்கப்புள்ளி என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். 5 மீட்டர் அறையில் அது பின்சுவரிலிருந்து 1.9 மீட்டர். முதல் மூன்று நிலையலைகளின் உச்சங்களுக்கும் பள்ளங்களுக்கும் இடைப்பட்டதாக அந்த இடம் அமைவதே காரணம். இது சட்டமில்லை, அரை மீட்டர் முன்பின்னாக உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யலாம். சோஃபாவைச் சுவரை ஒட்டித்தான் போட முடியும் என்ற நிலை இருந்தால், குறைந்தது 50 அல்லது 60 சென்டிமீட்டராவது முன்னுக்கு இழுங்கள். அதுவும் முடியாவிட்டால் தலைக்குப் பின்னால் சுவரில் தடிமனான ஒலியுறிஞ்சும் பலகை ஒன்றை மாட்டுங்கள். அகலவாக்கில் இருக்கை நடுவில் இருப்பது நல்லது. இடப்பக்கச் சுவர் அருகிலும் வலப்பக்கம் திறந்த வெளியுமாக இருந்தால், இரண்டு முன் ஸ்பீக்கர்களும் வெவ்வேறு குரலில் பேசுவதுபோல் ஆகிவிடும்.

இடம் முடிவானதும், அமர்ந்த நிலையில் தரையிலிருந்து காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது 95 சென்டிமீட்டருக்கும் 110 சென்டிமீட்டருக்கும் இடையில் இருக்கும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த எண் தேவைப்படும்.

முன்னால் நிற்கும் மூன்று

இடது, வலது ஸ்பீக்கர்கள் கேட்பவர் நேர்முன்னே பார்க்கும் கோட்டிலிருந்து தலா 22 முதல் 30 டிகிரி விலகி நிற்க வேண்டும். கோணமானி தேடி அலைய வேண்டாம். நீளமான ஒரு கயிறு போதும். காதிலிருந்து ஸ்பீக்கருக்குள்ள தூரமும், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலுள்ள தூரமும் சமமாக இருந்தால் அது சமபக்க முக்கோணம். அப்போது கோணம் தானாகவே 30 டிகிரி ஆகிவிடும். உதாரணமாக, காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் 3 மீட்டர் தொலைவில் இருந்தால், அவை இரண்டும் ஒன்றுக்கொன்று 3 மீட்டர் விலகி நிற்கலாம். திரை சிறியதென்றால் 22 டிகிரி வரை நெருக்கலாம். அப்போது அதே தொலைவுக்கு இடைவெளி சுமார் 2.25 மீட்டராகக் குறையும். அதற்கும் குறைவாக நெருக்கினால் இசை ஒரே குவியலாக ஒலிக்கும். இரு ஸ்பீக்கரும் இருக்கையிலிருந்து சமதூரத்தில் இருக்கின்றனவா என்று அளவுநாடாவால் சரிபாருங்கள். ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் கூடியிருந்தாலும் நடுவில் கேட்க வேண்டிய பாடகரின் குரல் மறுபக்கம் நகர்வதைக் கவனித்துக் கேட்டால் உணரலாம்.

உயரத்தைப் பொறுத்தவரை, உயர்ந்த அதிர்வுகளை ஒலிக்கும் சிறிய பகுதியான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த அதிர்வுகள் டார்ச் வெளிச்சம்போல நேராகவே பாய்பவை. மட்டம் தவறினால் முதலில் மங்குவது அவைதான். பிறகு ஸ்பீக்கரை மெல்ல உட்பக்கம் திருப்புங்கள். நேராகக் காதைப் பார்த்தால் சில ஸ்பீக்கர்கள் கூர்மையாக ஒலிக்கும். கேட்பவரின் தோளுக்குச் சற்று வெளியே குறிவைத்தால் அவை இதமாகும். இது அந்தந்த ஸ்பீக்கரின் குணம் என்பதால் காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பின்புறத்தில் காற்றுத்துளை உள்ள ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் இடையே 20 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியாவது தேவை. ஸ்பீக்கரின் முகப்பிலிருந்து சுவருக்குச் சென்று திரும்பும் ஒலி, நேரொலியோடு மோதி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை அழித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முகப்பு சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால் அந்தப் பள்ளம் சுமார் 86 ஹெர்ட்ஸில் விழும். அரை மீட்டர் என்றால் 170 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். ஆணின் குரலில் கனம் குறைந்து கேட்டால் ஸ்பீக்கரை ஒரு சாண் முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதுமான மருந்தாக இருக்கும்.

நடு ஸ்பீக்கரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வசனத்தின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. அப்படியிருந்தும் அதைத்தான் டிவி மேசையின் அடித்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், புத்தகங்களுக்கு நடுவில் திணித்து வைக்கிறார்கள். பிறகு வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் கார் வெடிக்கும்போது வீடே அதிர்கிறது. நடு ஸ்பீக்கரைத் தட்டின் முன்விளிம்போடு ஒட்டி, முடிந்தால் ஓரிரு சென்டிமீட்டர் வெளியே நீட்டி வையுங்கள்; உள்ளே தள்ளி வைத்தால் தட்டின் பரப்பே ஒலியைப் பிரதிபலித்துக் குழப்பும். டிவிக்குக் கீழே இருந்தால் முன்பக்க அடியில் ரப்பர்த் துண்டு கொடுத்து, முகம் காதை நோக்கி நிமிருமாறு சாய்த்து வையுங்கள். இடது, வலது ஸ்பீக்கர்கள் எந்தத் தொடரைச் சேர்ந்தவையோ அதே தொடரைச் சேர்ந்ததாக நடு ஸ்பீக்கரும் இருப்பது மிக முக்கியம். இல்லையென்றால் ஒரு பாத்திரம் திரையின் இடமிருந்து வலமாகப் பேசிக்கொண்டே நடக்கும்போது நடுவில் மட்டும் அவர் குரல் மாறும். படுக்கைவாட்டில் ட்வீட்டரின் இருபுறமும் வூஃபர் (தாழ்ந்த அதிர்வுகளை ஒலிக்கும் பெரிய கூம்பு) கொண்ட நடு ஸ்பீக்கர்களில், ஓரத்தில் உட்காருபவருக்கு இரண்டு வூஃபர்களின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். சோஃபாவின் ஓரத்தில் வசனம் மெலிந்து கேட்பதற்கு இதுவே காரணம்.

சரவுண்ட் ஸ்பீக்கர்கள்

5.1 அமைப்பில் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் கேட்பவரின் நேர்க்கோட்டிலிருந்து 110 முதல் 120 டிகிரி கோணத்தில், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால், இருக்க வேண்டும். பலர் நினைப்பதுபோல அவற்றின் இடம் அறையின் பின்மூலைகள் அல்ல. இதையும் கோணமானி இல்லாமல் அளக்கலாம்: காது இருக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 2 மீட்டர் போய், அங்கிருந்து பின்னோக்கி 73 சென்டிமீட்டர் நகர்ந்தால் அது 110 டிகிரி, 1.15 மீட்டர் நகர்ந்தால் 120 டிகிரி. 7.1 அமைப்பில் பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் 90 முதல் 110 டிகிரிக்கு முன்னேற, பின்புற ஸ்பீக்கர்கள் 135 முதல் 150 டிகிரியில் நிற்கும்.

உயரத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. தலைக்கு மேல் ஸ்பீக்கர் இல்லாத அமைப்பில், சரவுண்டைக் காது மட்டத்துக்கு 60 முதல் 90 சென்டிமீட்டர் மேலே மாட்டுவது பழைய பழக்கம். அருகில் உட்காருபவரின் காதில் அது நேரடியாக அறையாமல், மற்றவர்களின் தலைகளைத் தாண்டியும் ஒலி போய்ச்சேர இது உதவும். அட்மாஸ் அமைப்பில் இதைச் செய்யக் கூடாது. அங்கே சரவுண்ட் ஸ்பீக்கர்கள் காது மட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அவையும் மேலேறிவிட்டால் பக்கவாட்டு ஒலிக்கும் கூரையொலிக்கும் வேறுபாடு தெரியாமல், தலைக்கு மேல் ஸ்பீக்கர் வைத்ததன் பயனே போய்விடும். சோஃபா சுவரை ஒட்டியிருப்பவர்கள், சரவுண்டை நேர் பக்கவாட்டில் 90 டிகிரியில் சற்று உயர்த்தி வைத்து, அருகிலுள்ள காதை நோக்காமல் எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேலாக நோக்குமாறு திருப்பிவிடலாம்.

அட்மாஸ் ஸ்பீக்கர்களைக் கூரையிலேயே பதிப்பதாக இருந்தால், இரண்டுக்கு மட்டும் இடமுள்ளவர்கள் தலைக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் பதிக்கலாம். நான்கு என்றால் முன்னே 45 டிகிரி ஏற்றத்திலும் பின்னே அதே ஏற்றத்திலும் அமைக்கலாம்; காதுக்கும் கூரைக்கும் 1.6 மீட்டர் இடைவெளி என்றால், காதிலிருந்து முன்னும் பின்னும் 1.6 மீட்டர் தள்ளிப் பதித்தால் அந்தக் கோணம் கிடைத்துவிடும். கூரையைத் துளைக்க முடியாதவர்களுக்காக, ஒலியை மேல்நோக்கி வீசிக் கூரையில் பட்டுத் திரும்பச் செய்யும் ஸ்பீக்கர்கள் உண்டு. கூரை தட்டையாகவும் கடினமாகவும், சுமார் 2.3 முதல் 3.6 மீட்டர் உயரத்திலும் இருந்தால்தான் அவை வேலை செய்யும். ஒலியுறிஞ்சும் பலகைகள் பதித்த கூரையிலோ சாய்வான கூரையிலோ அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண். என் கருத்தில், கீழே உள்ள ஐந்தும் சப்வூஃபரும் சரியாக ஒலிக்கும்வரை மேலே எதையும் சேர்க்கக் கூடாது.

சப்வூஃபரின் இடம்

இந்த வேலையில் மிகுந்த பொறுமை கேட்பதும், பொறுமைக்கு மிகுந்த பலன் தருவதும் சப்வூஃபர்தான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இப்படித்தான் என்பதால், சப்வூஃபரை அறையில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். திசை தெரியாது என்பது உண்மை. ஆனால் எங்கு வைத்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பது உண்மையல்ல. மூலையில் வைத்தால் மூன்று பரப்புகள் சேர்ந்து ஒலியைப் பெருக்கும். கூடவே அறையின் எல்லா நிலையலைகளையும் எழுப்பிவிடும். சில சுரங்கள் மட்டும் ஊதிப் பெருத்தும் சில காணாமலும் போகும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, கருவி ஏதும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இருக்கையின்மேலேயே வையுங்கள். 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் சோதனை ஒலியையோ, சுரங்கள் ஏறி இறங்கும் பேஸ் கிட்டார் இசையையோ திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு சப்வூஃபரை வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம், சுவரோரமாக, தரைக்கருகே தலையைத் தாழ்த்தி ஊர்ந்தபடி கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில், வீங்காமல் தெளிவாகக் கேட்கின்றனவோ, அங்கேயே சப்வூஃபரை வையுங்கள். ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் அவற்றுக்கிடையே ஒலி பயணிக்கும் தன்மை மாறாது என்பதே இந்த முறையின் அடிப்படை. வீட்டார் வியப்போடு பார்ப்பார்கள் என்று தயங்கி இதைத் தவிர்க்காதீர்கள். முன்மூலையில் நெடுநாள் இருந்த என் சப்வூஃபர், இந்தச் சோதனைக்குப் பிறகு பக்கச்சுவரின் நடுப்பகுதிக்குப் போனது. அதுவரை ஒரே முழக்கமாகக் கேட்ட மிருதங்கத்தின் தொப்பியும் தபலாவின் டக்காவும் அன்றுதான் தனித்தனியாகக் கேட்டன.

ஒரே பெரிய சப்வூஃபருக்குப் பதிலாகச் சிறிய இரண்டை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால், பல இருக்கைகளிலும் பேஸ் ஒரே சீராக இருக்கும். ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு இந்த அமைப்பைப் பரவலாக அறியச் செய்தது. தனியொருவர் மட்டும் கேட்கும் அறைக்கு இது கட்டாயமில்லை. குடும்பமாகப் படம் பார்ப்பவர்களுக்குப் பணம் போட வேண்டிய சரியான இடம் இதுதான்.

சப்வூஃபரின் பின்புறத்தில் உள்ள திருகுகளில், எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்று குறிக்கும் கிராஸ்ஓவர் திருகை உச்சத்திலோ எல்எஃப்இ என்று குறித்த நிலையிலோ வைத்துவிடுங்கள். பிரித்தனுப்பும் வேலையை, எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெருக்கிப் பெட்டியான ரிசீவர் செய்துவிடும். இரண்டும் சேர்ந்து வெட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஒலியளவுத் திருகை நடுவில் நிறுத்தி, சப்வூஃபரின் அலை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போகச் செய்யும் கட்டத்திருகை (ஃபேஸ்) சுழியத்தில் வைத்துத் தொடங்கலாம்.

கம்பிகளும் இணைப்புகளும்

கம்பி இணைக்கும்போது ரிசீவரின் மின்சார இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கம்பியின் மொத்த மின்தடை, ஸ்பீக்கரின் மின்மறுப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நல்ல அளவுகோல். அந்தக் கணக்கின்படி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி சுமார் 17 மீட்டர் தூரம் வரையிலும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய 29 மீட்டர் வரையிலும் போதும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தத் தூரங்கள் பாதியாகும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மின்தடை கூடுதல். வாங்கும்போது முழுச்செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் விலையுயர்ந்த கம்பியில் பணம் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பீக்கர் கம்பியை மின்சாரக் கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் இழுக்கக் கூடாது. இரண்டும் சந்திக்க நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்யுங்கள். சுவரைத் துளைக்கும் முன் உள்ளே மின்கம்பி ஓடுகிறதா என்று சோதித்துக்கொள்வது உயிர்காக்கும் எச்சரிக்கை.

முனையை 12 மில்லிமீட்டர் அளவுக்கு உரித்து, இழைகளை நன்றாக முறுக்கி இணையுங்கள். வெளியே நீட்டிய ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுவிட்டாலே ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சிலவேளை பழுதும் ஆகும். கம்பி முனையில் பொருத்தும் பனானா பிளக் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ரிசீவரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கும், கறுப்பு கறுப்புக்குமே போக வேண்டும். ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது தலைகீழாகிவிட்டால், மற்ற ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது இது பின்னே இழுக்கும்; பேஸ் வற்றிவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் இடந்தெரியாமல் பரவும். இந்தப் பிழையின் கொடுமை, ஸ்பீக்கர் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும் என்பதால் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும் என்பதே. ஐயம் வந்தால் ரிசீவரிலிருந்து கம்பிகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்புக் கம்பியிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். வூஃபர் கூம்பு வெளிப்பக்கம் துள்ளினால் இணைப்பு சரி.

டிவிக்கும் ரிசீவருக்கும் இடையே இ-ஆர்க் என்று குறித்த ஹெச்டிஎம்ஐ துளைகளைப் பயன்படுத்துங்கள். பழைய ஆர்க் இணைப்பு, ஒளிபரப்புச் செயலிகள் தரும் சுருக்கப்பட்ட அட்மாஸை எடுத்துச் செல்லும். புளூ-ரே தட்டில் உள்ள இழப்பற்ற ஒலிக்கு இ-ஆர்க் வேண்டும், அல்லது பிளேயரை நேரடியாக ரிசீவரில் செருக வேண்டும். ஆப்டிகல் கேபிளில் சரவுண்ட் ஒலியாகச் சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மட்டுமே போகும். டிவியின் மெனுவில் ஒலி வெளியீடு பிசிஎம் என்று இருந்தால் அதை பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்துரூ என்று மாற்றுங்கள். ஐந்து ஸ்பீக்கர் வாங்கியும் இரண்டில் மட்டுமே ஒலி வருகிறது என்று வருந்துபவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே தீர்வு.

ரிசீவரை அளவிடச் செய்தல்

இப்போதைய ரிசீவர்களில் பெரும்பாலானவை ஒரு மைக்கோடு வருகின்றன. ஆடிஸி, டிராக் லைவ், யமஹாவின் ஒய்பிஏஓ எனப் பெயர்கள் வேறானாலும் செய்முறை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலி எழுப்பி, தூரம், ஒலியளவு, அறையின் தாக்கம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் திருத்துகின்றன. மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மைக்கை சோஃபாவின் சாய்மானத்தில் வைக்காமல், முக்காலியில் பொருத்தி, எழுதி வைத்த காது உயரத்தில் நிறுத்துங்கள். முதல் அளவீட்டை முதன்மை இருக்கையில்தான் எடுக்க வேண்டும். தூரக் கணக்கு அதிலிருந்தே செய்யப்படுகிறது. மற்ற அளவீடுகளை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள் எடுத்தால் போதும். அந்த நேரத்தில் நீங்கள் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்க வேண்டாம்.

அளவீடு முடிந்ததும் மெனுவைத் திறந்து முடிவுகளைச் சரிபாருங்கள். ஸ்பீக்கர்களைப் பெரியவை என்று ரிசீவர் முடிவு செய்திருந்தால் சிறியவை என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கைக்கு அடக்கமான சரவுண்ட் பெட்டிகளுக்கு 100 அல்லது 120 தேவைப்படலாம். சிறியவை என்று சொல்வது அவற்றை மட்டம் தட்டுவதாகாது. பேஸ் சுமையைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால் அவை தெளிவாகப் பாடும், ரிசீவரும் இளைப்பாறும். சப்வூஃபரின் தூரம் மட்டும் நாடாவில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டப்படும். அதை மாற்றாதீர்கள்; சப்வூஃபரின் உள்ளேயுள்ள மின்சுற்று ஏற்படுத்தும் தாமதத்தையும் ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. சப்வூஃபரின் ஒலியளவு மைனஸ் 12 டெசிபெல் என்று அடிமட்டத்தில் முட்டி நின்றால், அதன் பின்புறத் திருகைக் குறைத்துவிட்டு மறுபடியும் அளவிடுங்கள்.

மைக் வசதி இல்லாத ரிசீவரில், தூரங்களை நாடாவால் அளந்து நீங்களே உள்ளிட்டு, ஒலியளவு மானியை சி எடையிலும் மெதுநிலையிலும் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சோதனை ஒலியும் இருக்கையில் 75 டெசிபெல் காட்டும்வரை திருத்துங்கள்.

காதால் சரிபார்த்தல்

இறுதித் தீர்ப்பு காதுடையது. நன்றாகத் தெரிந்த ஒரு பாடலை இரண்டு முன் ஸ்பீக்கர்களில் மட்டும் ஓடவிட்டு, பாடும் குரல் திரையின் நடுவில் ஒரு புள்ளியாக நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்கவில்லையென்றால் முனைகளையும் தூரங்களையும் மறுபடி பாருங்கள். பிறகு மழையோ கூட்டமோ நிறைந்த காட்சியை ஓடவிடுங்கள். சரவுண்ட் ஸ்பீக்கர் எங்கே மாட்டியிருக்கிறது என்று காது சுட்டிக்காட்டினால் அதன் ஒலி கூடுதல். ஓரிரு டெசிபெல் குறையுங்கள். அதை அணைத்ததும் அறை சுருங்கினாற்போல் தோன்ற வேண்டும். அணைக்கும்வரை அது இருப்பதே தெரியக் கூடாது.

வசனம் தெளிவில்லையென்றால் உடனே நடு ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்ட வேண்டாம். அதன் சாய்வைத் திருத்துங்கள், இடையிலுள்ள கண்ணாடி மேசையை நகர்த்துங்கள், வெறுந்தரையில் விரிப்பைப் போடுங்கள். அதன்பிறகும் குறை இருந்தால் 1 அல்லது 2 டெசிபெல் கூட்டலாம். நீங்கள் இருக்கையில் அமர்ந்திருக்க, ஒருவரைப் பக்கச்சுவரில் கண்ணாடியை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் முதல் எதிரொலி பட்டுத் திரும்புகிறது. கனமான திரைச்சீலையோ புத்தக அலமாரியோ அங்கே வந்தால் ஒலி தெளியும். உதடசைவுக்கும் குரலுக்கும் பொருத்தமில்லையென்றால் ரிசீவரின் ஒலித் தாமத அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். இரவில் கேட்பதற்கு ஒலிவீச்சைச் சுருக்கும் அமைப்பு பெரும்பாலான ரிசீவர்களில் உண்டு; பகலில் அதை அணைக்க மறக்க வேண்டாம்.

சப்வூஃபர் இடைவிடாமல் உறுமினால், அதையும் ரிசீவரையும் டிவியையும் ஒரே மின்பலகையில் இணைத்துப் பாருங்கள். கேபிள் டிவி கம்பியைக் கழற்றிப் பார்ப்பதும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். எக்காரணம் கொண்டும் பிளக்கின் எர்த் முனையை நீக்காதீர்கள். ரிசீவரின் தலைக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் காற்றோட்ட இடம் விடுங்கள்.

எல்லாம் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்த அன்றே, ஸ்பீக்கர்களின் கால்களைச் சுற்றித் தரையில் சிறு ஒட்டுநாடாத் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். வீடு துடைக்கும்போது நகர்ந்தாலும் அதே இடத்துக்குத் திரும்பும். ரிசீவரின் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு அமைப்புகள் அழிந்து போனால், அந்தப் படங்களைப் பார்த்துக் கால்மணி நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி உள்ளிட்டுவிடலாம். சோஃபாவையோ திரைச்சீலையையோ மாற்றும்போது மட்டும் மைக்கை மறுபடி எடுத்து, புதிதாக அளவிடுங்கள்.